துடைக்காத கைக்குட்டை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

கைக்குட்டை எதற்கு என்று கேட்டால் நம் கல்லூரியில் எவரும் சிரிப்பார்கள். முகம் துடைக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கை துடைக்க, பேருந்தில் சன்னல் வழியே போட்டு இடம் பிடிக்க, தேர்வுக் கூடத்தில் வேர்த்துப்போன விரல்களிலிருந்து பேனா வழுக்காமல் இருக்க. இத்தனைக்கும் உதவாத கைக்குட்டை ஒன்று உலகில் உண்டு, அதை மடிப்பதற்கென்று முறைகள் உண்டு, மடித்தால் சம்பளமும் உண்டு என்று இரண்டாண்டுகளுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கோட்டின் இடது மார்பிலே இருக்கும் சிறு பையில், நுனி மட்டும் வெளியே தெரியும்படி செருகி வைக்கிறார்களே, அந்தக் கைக்குட்டையைத்தான் சொல்லுகிறேன். அதை உருவி மூக்கைத் துடைப்பவன் கோட்டு அணியத் தெரியாதவன் என்பது ஆங்கிலேயர் வழக்கு. மூக்குக்கு வேறொரு கைக்குட்டை, கால்சட்டைப் பையில், யார் கண்ணிலும் படாமல் இருக்கும். ஒன்று காட்சிக்கு, மற்றொன்று காரியத்துக்கு!

மாலை வேளைகளில் நான் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். திருமண வரவேற்புக்கு மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு வாடகைக்குக் கொடுக்கும் கடை. காலையில் வேட்டி சட்டையோடு தாலி கட்டியவர் மாலையில் கோட்டோடு மேடையில் நிற்க வேண்டும் என்பது இன்று எங்கள் பக்கத்தில் சடங்கைப் போலவே ஆகிவிட்டது. ஆவணி, தை, வைகாசி மாதங்களில் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கோட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில்தான் மாஸ்டர் எனக்கு மடிப்பு கற்றுக்கொடுத்தார். (தையற்காரரை மாஸ்டர் என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.)

"தம்பி, ஓரம் கீழே, மடிப்பு மேலே. இது தெரியாதவன் இந்தக் கடையில சம்பளம் வாங்கக்கூடாது" என்பதே முதல் பாடம்.

முதலில் கற்றது சதுர மடிப்பு. எங்கள் கடைக் கைக்குட்டை 33 சென்டிமீட்டர்ச் சதுரம். கோட்டுப் பை 10 சென்டிமீட்டர் அகலம், 11 சென்டிமீட்டர் ஆழம். கைக்குட்டையைப் பாதியாக மடித்தால் 33க்கு 16½. மறுபடி பாதியாக்கினால் 16½க்கு 16½. நெடுக்கே இன்னும் ஒரு பாதி. அகலம் 8¼ ஆகிவிடும். இருபுறமும் சற்றே இடம் விட்டுப் பைக்குள் அடக்கமாக உட்காரும். உயரம் இன்னும் 16½ இருக்கிறதே? அடியிலிருந்து 4½ சென்டிமீட்டரை மேலே மடக்கினால் 12. அதில் 11 பைக்குள்ளே, 1 வெளியே. அந்த ஒரு சென்டிமீட்டர் பட்டைக்காகத்தான் இவ்வளவு பாடும்!

கணக்குப் பித்து உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுவேன். கைக்குட்டையின் மொத்தப் பரப்பு 1,089 சதுர சென்டிமீட்டர். வெளியே தெரிவது 8¼. அதாவது 132-இல் ஒரு பங்குதான் உலகம் பார்ப்பது. மீதி 131 பங்கும் எட்டடுக்காக, அடியிலே பதினாறடுக்காக, இருட்டில் கிடந்து அந்த ஒரு பங்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதை அமெரிக்காவில் பிரசிடென்ஷியல் மடிப்பு என்பர். தொலைக்காட்சி மடிப்பு என்ற பெயரும் உண்டு. 1950களில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் தோன்றியவர்கள் விரும்பி அணிந்ததால் வந்த பெயர் அது.

அடுத்தது கோபுர மடிப்பு. இது மாஸ்டர் வைத்த பெயர். மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, இடக்கோடியையும் வலக்கோடியையும் நடுவுக்குக் கொண்டுவந்து, அடியை மடக்கிச் செருகினால் ஒற்றைக் கோபுரம். முதலில் மூலைகளைப் பொருத்தாமல் சற்றே விலக்கி மடித்தால் இரட்டைக் கோபுரம். மூன்றாவது, பஃப். துணியின் நடுவைக் கிள்ளித் தூக்கி, தொங்கும் பாகத்தைக் கையால் உருவி, வாலை மடக்கிப் பைக்குள் விட்டால், மேலே பூரி உப்பினாற்போல நிற்கும். மாப்பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான். எனக்கு என்னவோ சதுர மடிப்பே பிடிக்கும். அதில் ஒளிவுமறைவு கிடையாது. அரை சென்டிமீட்டர் கோணினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பருத்தி சொன்னபடி கேட்கிறது, பட்டு ஏன் கேட்பதில்லை என்று மாஸ்டரைக் கேட்டேன். "பட்டுக்குத் திமிரு" என்றார். விடை, துணைப்பாடமாகிய வேதியியல் வகுப்பில் கிடைத்தது. பருத்தி செல்லுலோசால் ஆனது. அதன் நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் தெளித்தால் அது இடையே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. இஸ்திரிப் பெட்டியின் சூடு தண்ணீரை விரட்டியதும், சங்கிலிகள் எந்த நிலையில் கிடக்கின்றனவோ அந்த நிலையிலேயே மறுபடி கைகோத்துக்கொள்ளுகின்றன. மடிப்பு நிலைத்துவிடுகிறது! பட்டோ புரதம். வளைத்தாலும் பழைய நிலைக்கு மீளப் பார்ப்பது. ஆகவே சதுர மடிப்புக்குப் பருத்தியோ லினனோ தேவை. பஃபுக்குப் பட்டு ஏற்றது. வாடகைக் கடையில் இரண்டும் அபூர்வம். பளபளவென்று தெரிவதெல்லாம் பாலியெஸ்டர். சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எனவே மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுத்தான் தேய்ப்போம். அவசர நாட்களில் அதுவும் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையை வெட்டி, அதன்மேல் துணியைச் சுற்றித் தைத்து வைத்திருப்போம். எடுத்துச் செருக வேண்டியதுதான். மாப்பிள்ளையின் மார்பில் யார் யாருடைய சுற்றமும் நட்பும் சூழ வாழ்த்துகிறார்களோ, அது அவருக்கே தெரியாது.

கழுத்துப்பட்டையும் கைக்குட்டையும் ஒரே துணியில் இருக்கலாகாது என்பது மேனாட்டு நாகரிகம் அறிந்தவர்கள் சொல்லும் விதி. எங்கள் கடையில் இரண்டும் ஒரே துணியில்தான் வரும். மாப்பிள்ளைகள் அப்படித்தான் விரும்புகிறார்கள். மணப்பெண்ணின் புடவைக் கரையோடும் அது ஒத்துப்போனால் இன்னும் மகிழ்ச்சி. இதில் தவறு என்ன இருக்கிறது? விதியை எழுதியவர்கள் நம் மண்டபத்துக்குச் சாப்பிட வரப்போவதில்லை.

இந்தத் துண்டுத் துணியின் பூர்வீகத்தைத் தேடினால் சுவையான செய்திகள் பல. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிக் கவிஞர் கட்டுல்லஸ், விருந்திலே தம் கைத்துணியைத் திருடிய ஒருவனைத் திட்டிக் கவிதையே எழுதிவிட்டார். 1377 முதல் 1399 வரை இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ரிச்சர்டின் அரண்மனைக் கணக்கில், மன்னர் மூக்குத் துடைக்கச் சிறு துணிகள் தைத்த செலவு இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் ஒரு கைக்குட்டை ஓர் உயிரையே வாங்கியது. 1924இல் அமெரிக்காவில் கிளீனெக்ஸ் என்ற மெல்லிய தாள் விற்பனைக்கு வந்தது. முகப்பூச்சைத் துடைக்க வந்த அந்தத் தாளை மக்கள் மூக்கு சிந்தவும் எடுத்துக்கொண்டார்கள். மேனாட்டில் கைக்குட்டைக்கு வேலை குறையத் தொடங்கியது. வேலை போன பின்னும் மார்புப் பையை விட்டு மட்டும் அது இறங்கவில்லை.

இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மெட்ராஸ் கைக்குட்டை. ஆம், நம் சென்னையின் பெயரேதான். சென்னைப் பக்கத்திலும் இன்றைய ஆந்திரத்தின் சீராலாப் பகுதியிலும் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி. கைக்குட்டை என்று பெயரே தவிர, கஜச் சதுரம். ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப் என்பது வணிகப் பெயர். நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதை இஞ்சிரி என்பர். பிறப்பிலும் இறப்பிலும் அவர்களுக்கு அது வேண்டும். வாங்கிய துணியில் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்துப் புதிய கோலம் படைக்கும் கலையும் அவர்களிடம் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் லூசியா, டொமினிக்கா போன்ற இடங்களில் பெண்களின் தேசிய உடையிலே தலைக்கட்டாக அமர்ந்திருப்பதும் இந்தக் கட்டம்தான். பெருமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் முழுவதும் பெருமைப்பட முடியவில்லை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை அடிமைகளாக வாங்கியபோது விலையாகக் கொடுத்த சரக்குகளில் சோழமண்டலக் கரையின் துணிகளும் இருந்தன. நெய்தவனுக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்குமா?

அந்தக் கட்டத்துணிக்கு நெருங்கிய உறவு ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பா வேலைக்குப் போகும்போது கட்டும் கைலிதான் அது. அப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நானே.

அப்பாவிடமும் ஒரு மடிப்பு உண்டு. சும்மாடு. நகரத்து நண்பர்களுக்காக விளக்குகிறேன். தோளில் கிடக்கும் துண்டை உதறி, நெடுக்கே முறுக்கி, பாம்பு சுருள்வதைப்போல் வட்டமாகச் சுற்றி, கடைசி நுனியை உள்ளே சொருகினால் அதுதான் சும்மாடு. அதைத் தலையில் வைத்து அதன்மேல் மூட்டையை ஏற்றுவார்கள். அப்பாவுக்கு இதற்கு மூன்று விநாடி போதும். கண் திறந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஒருநாள் அந்தச் சும்மாட்டை நான் அளந்தேன். வெளிவிட்டம் 15 சென்டிமீட்டர், நடுத்துளை 8. பரப்பு ஏறத்தாழ 126 சதுர சென்டிமீட்டர். ஐம்பது கிலோ வெங்காய மூட்டையின் எடை 490 நியூட்டன். சும்மாடு இல்லாமல் மூட்டை உச்சந்தலையில் 20 சதுர சென்டிமீட்டர் அளவில் பதிவதாகக் கொண்டால், சும்மாடு அந்த அழுத்தத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைக்கிறது. நோட்டுப் புத்தகத்தைக் காட்டி இதை அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆறுல ஒண்ணா? கழுத்துக்கு அது தெரியலையே" என்றார்.

அவர் சொன்னது சரியே. அழுத்தம் குறைகிறதே ஒழிய எடை குறையவில்லை. கழுத்தெலும்பு தாங்குவது முழு 490 நியூட்டனையும்தான். இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் இன்னும் படிக்கவில்லை.

கடையிலிருந்து ஒரு பாலியெஸ்டர் கைக்குட்டையைக் கொண்டுபோய் அவருக்குச் சதுர மடிப்பு செய்து காட்டினேன். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "இது தண்ணிய உறிஞ்சாதுடா. எதுக்கு இது?" அழகுக்கு என்றேன். "யாரு அழகுக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்: "படிச்சு முடிச்சா நீயும் இதைப் போடணுமோ?" சில வேலைகளுக்கு நேர்முகத் தேர்வில் கோட்டு கேட்பார்கள் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மடித்ததைக் கலைக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

துணி எங்கே இருக்கிறது என்பதில் நம் நாட்டில் எவ்வளவு இருக்கிறது! என் தாத்தா காலத்தில் எங்கள் தெருவினர் ஊர்ப் பெரியவர்கள் எதிரே தோளில் துண்டு போட்டுக்கொண்டு நடக்க முடியாது. எதிரே ஆள் வருவது தெரிந்தால் துண்டு தோளிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போய்விட வேண்டும், அல்லது கக்கத்தில் இடுங்கிக்கொள்ள வேண்டும். துண்டைத் தோளில் போடும் உரிமைக்காகத் தமிழ்நாட்டில் மேடைகளில் பேசியிருக்கிறார்கள், தெருக்களில் அடிபட்டிருக்கிறார்கள். தாத்தாவுக்கு வயதான பின்பும், ஊர் மாறி வந்த பின்பும், யாராவது வேட்டி வெளுப்பாக எதிரே வந்தால் கை தானாகத் தோளுக்குப் போகும் என்று அப்பா சொல்லுவார். அப்பாவின் துண்டு இறங்குவதில்லை. மண்டி முதலாளியின் முன்னும் தோளில்தான் கிடக்கும். அதை அவர் வீரமாகச் சொல்லிக்கொண்டதில்லை. எனக்குத்தான் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழைகளில் ஒருவராகத் தோன்ற அது அவர் கண்ட வழி. அண்ணல் அம்பேத்கரோ கோட்டை விடவேயில்லை. உடுத்தக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களிலிருந்து வந்தவர் எதைத் துறப்பது? எங்கள் ஊர் முனையில் அவர் சிலை நிற்கிறது. நீலக் கோட்டு, கையில் புத்தகம். கடை வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கோட்டின் மார்புப் பையை உற்றுப் பார்த்தேன். அதில் கைக்குட்டை இல்லை. பேனா இருக்கிறது.

போன தை மாதம் அப்பாவோடு மூட்டை தூக்கும் ஒரு மாமாவின் மகனுக்குத் திருமணம். அந்த அண்ணன் படித்து வங்கியில் சேர்ந்தவர். எங்கள் தெருவில் அப்படி முதல் ஆள். கோட்டு எங்கள் கடையில்தான். கருநீலக் கோட்டு, அரக்கு நிறக் கழுத்துப்பட்டை, அதே நிறத்தில் கைக்குட்டை, பஃப். அளவு பார்க்க மாமாவும் வந்திருந்தார். கண்ணாடி முன்னே மகன் நிற்பதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மார்புப் பையைத் தொட்டு, "இது எதுக்குப்பா, வேர்வை துடைக்கவா?" என்றார். அண்ணன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "சும்மா இருங்கப்பா" என்றார் மெதுவாக. மாமா துண்டால் தம் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வரவேற்பன்று கோட்டை மாட்டிவிட நானே மண்டபத்துக்குப் போனேன். அட்டை வைத்துத் தைத்ததை வைக்காமல், நல்லதாக ஒன்றை எடுத்து என் கையாலே பஃப் எடுத்து வைத்தேன். மேடையில் நாலு பெரிய விளக்குகள். மின்விசிறி காற்றில் மணப்பெண்ணின் முடி கலைகிறது என்று அதை நிறுத்திவிட்டார்கள். அரைமணி நேரத்தில் அண்ணனுக்கு நெற்றியிலிருந்து வேர்வை வழியத் தொடங்கியது. கால்சட்டைப் பையில் கை விட்டுத் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. வரிசையோ மண்டப வாசல் வரை நிற்கிறது. மார்பில் இருந்ததைத் தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார். அது எதற்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கீழே முன்வரிசையில் இருந்த மாமா எழுந்தார். வரிசையை விலக்கிக்கொண்டு மேடையேறித் தோள் துண்டை எடுத்து மகன் முகத்தில் வைத்து, குளித்து வந்த குழந்தைக்குத் துவட்டுவதுபோல அழுத்தித் துடைத்தார். நெற்றி, மூக்கு, கழுத்து, காதுக்குப் பின்புறம் எல்லாம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விலகவில்லை.

புகைப்படக்காரர் ஓடிவந்தார். துண்டைப் பார்த்து ஏதோ சொல்லப்போகிறார் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அய்யா, சூப்பரா இருக்கு. அப்படியே இன்னொரு தடவை துடைங்க. கேமராவைப் பாக்காதீங்க."

மாமாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். எவ்வளவு கூப்பிட்டும் மறுபடி ஏறவில்லை. சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாலை கோட்டு கடைக்குத் திரும்பி வந்தது. காலரின் உட்புறம் உப்புப் பூத்திருந்தது. சலவைக்கு எடுத்து வைத்தேன். கைக்குட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பஃப்கூடக் கலையவில்லை. அடுத்த முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதை அப்படியே வேறொரு கோட்டுக்கு மாற்றி வைத்தேன்.